தீயில காட்டிப் பாத்திருக்கோணும்

என்ற பர்சுல, ஏடிஎம் கார்டுக்கும் பழைய பில்லுகளுக்கும் நடுவுல, ஒரு இஞ்சு நீளத்துக்கு மஞ்சக் கயிறு ஒண்ணு ரெண்டு வருசமாக் கெடந்துச்சுங்க. ஒரு நாள் வீட்ல சில்லற தேடறப்ப அது கீழ விழுந்துருச்சு. "இதென்னங்க, எந்தக் கோயில்ல குடுத்தது?"ன்னு கேட்டா. மஞ்சளா இருக்கறதால கோயில் கயிறுன்னே நெனச்சுட்டா. கோயிலும் இல்ல ஒண்ணும் இல்ல, மீன் அத்துட்டுப் போன கயிறுன்னு சொல்ல எனக்கு வாய் வரல, "சென்னிமலைல குடுத்தது"ன்னு சொல்லிப்போட்டேன். முருகன் மன்னிக்கோணும்.

அது நான் கட்டுன அசிஸ்ட் ஹூக்கோட, அதாவது ஜிக்குங்கற ஈய மீன் பொம்மைல தொங்க விடற கயித்து முள்ளோட மிச்சம். முள்ளும் முள்ளுல மாட்டுன மீனும் கடலோட போயிருச்சு, ரிங்குல கோத்திருந்த பக்கத்துக் கயிறு மட்டும் ஜிக்கோட திரும்பி வந்துச்சு. மீன் போனது பெருசில்லீங்க, தறி ஓட்டறவனுக்கு இழை அறுகற மாதிரிதான் தூண்டி போடறவனுக்கு மீன் போறது, முடிச்சப் போட்டுட்டு மறுக்கா ஓட்டோணும். ஆனா அது என்ற மீன் இல்ல, மாப்ள மீனு. மாப்ளைன்னா ஒறவுல மாப்ள இல்ல, அஞ்சாவதுல இருந்து ஒட்டுக்காத் திரியற கூட்டாளி. அவன் ராடுல, நான் கட்டிக் குடுத்த முள்ளுல மாட்டுச்சு, போச்சு. போன ஒடனே நான் என்ன சொன்னேன்னா, "ட்ராக்க முறுக்கி வெச்சு அறுத்துட்டயேடா". அத்தன பேரு முன்னால. ட்ராக்குன்னா மீன் இழுக்கறப்ப ரீலு நரம்ப எவ்வளவு இறுக்கமா விடோணும்னு வெக்கற பிரேக்கு. அன்னைல இருந்து எங்க குரூப்புல அவனுக்குப் பேரே "அறுத்தவன்"னு ஆயிப்போச்சு, கல்யாணத்துக்குப் போனா மொய் எழுதற எடத்துல கூட எவனாவது ஒருத்தன் "அறுத்தவன் வந்துட்டான்"னுவான். அவனும் சிரிச்சுக்குவான். அந்தப் பழிய நான் எப்படித் திருப்பி வாங்குனேன்ங்கறதத்தான் எழுதப் போறேன், அதுக்கு முன்னாடி கொஞ்சம் கயித்துப் பழமை.

ஜோடி நானூறு ரூவா

திருப்பூர்ல இருந்து எந்தப் பக்கம் போனாலும் கடல் தூரந்தானுங்க. நொய்யல்ல தூண்டி போட்ட கதையெல்லாம் அப்பாரு காலத்தோட முடிஞ்சுது, எங்க காலத்துல ஆத்துல என்ன கலர்ல தண்ணி வருதோ அதப் பாத்து எந்தக் கம்பெனில என்ன ஆர்டர் ஓடுதுன்னு கிண்டல் பேசுவாங்க. நான் தூண்டி பழகுனது தாராபுரத்துல, அப்புச்சி ஊருல, அமராவதி ஆத்தோரம். தங்கூசு நரம்பு, ஒரு முள்ளு, சோளத்தட்ட உரிச்சு உள்ளாற இருக்கற நெட்டில ஒரு தக்க, டப்பால மண்புழு. ஜிலேபி வரும், கெளுத்தி வரும், கெளுத்தி வந்தா கைல குத்தும், அப்புச்சி வெத்தலப் பொட்டிய எடுத்துச் சுண்ணாம்பு வெச்சு விடுவாரு. அவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்ச மீன் புடிக்கற வித்த. முப்பது வயசுக்கு மேல செல்போன்ல வீடியோ பாத்துப் பாத்து இந்த ஜிக்கிங் பைத்தியம் புடிச்சுது, ஈயத்துல வாத்த மீன் பொம்மைய நட்டுக்குத்தலா அடிக்கு எறக்கி, சுண்டிச் சுண்டித் தூக்கறது.

அந்த ஜிக்கோட ரகசியமே அதோட தலைல தொங்கற அந்த சின்னக் கயித்து முள்ளுதான்னு எனக்குப் புரியவே ஆறு மாசம் ஆச்சுங்க. மொதல்ல நான் வாங்குன ஜிக்குல வாலுல மூணு முள்ளு கொத்து இருந்துச்சு, அது அடியில கெடக்கற கல்லையெல்லாம் புடிச்சுது, மீனத் தவிர. அப்படியே ஒண்ணு ரெண்டு மீன் மாட்டுனாலும், 100 கிராம் ஈயம் வாயோரமாத் தொங்கறப்ப அது தலைய ஒரு உதறு உதறுனா அந்தக் கனமே நெம்புகோல் மாதிரி முள்ளப் புடுங்கி விட்டுரும். தலைப்பக்கம் கயித்துல தொங்கற முள்ளுக்கு அந்த வம்பு இல்ல, கயிறு எந்தப் பக்கமும் மடங்கும், ஈயம் ஆடற ஆட்டம் முள்ளுக்குப் போய்ச் சேராது. அதவிட எனக்கு ரொம்பப் புடிச்சது அந்த ரிங்கு அமைப்பு. ராடு நூலோட முனைல சேக்கற லீடர் நரம்பு கட்டறது சாலிட் ரிங்குல, அதாவது பொளவில்லாத வளையத்துல. முள்ளுக் கயிறும் அதே சாலிட் ரிங்குல. ஜிக்கு மட்டும் தனியா, சாவிக்கொத்து வளையமாட்ட ஒரு ஸ்பிளிட் ரிங் போட்டு அதுல தொங்குது. அப்ப மீன் இழுக்கற இழுப்பு நரம்பு, வளையம், கயிறு, முள்ளுன்னு நேர்கோட்டுல போயிருது, ஜிக்கு சும்மா கூட வந்த ஒறம்பரை, பாரம் எதையும் தாங்கறதில்ல. அப்ப மொத்தப் பாரத்தையும் தாங்கறது ரெண்டு இஞ்சு கயிறுதான்னு அன்னைக்கே ஒறைச்சிருக்கோணும். ஒறைக்கல.

இந்தக் கயித்து முள்ளு கடைல ஜோடி முந்நூறு, நானூறுன்னு வித்துது. ஒரு டிரிப்புக்கு நாலு ஜோடியாவது போகும், உப்புத்தண்ணி பட்டா முள்ளு துரு ஏறும், பாறைல மாட்டுனா அப்படியே சமாதி. எங்க கம்பெனில ஒரு பனியன் தெக்கற கூலிக்குப் பைசாவுல பேரம் பேசிட்டு இருக்கற ஆளு நான், நூலச் சுத்துன முள்ளுக்கு நானூறு ரூவாயா? அதுவும் கோன் நூல் இல்லாத வீடே இல்லாத ஊர்ல உக்காந்துட்டு? அந்தத் திமிருதாங்க எல்லாத்துக்கும் காரணம்.

நூல்காரங்களுக்கு மட்டும் ஒரு சின்னப் பழமை, மத்தவங்க தாண்டிப் போயிருங்க. நம்ம கவுன்ட்டுல நம்பர் ஏற ஏற நூல் மெலியும், 20ஸ் தடிமன், 40ஸ் மெல்லிசு. தூண்டிக்குப் போடற பீஈங்கற பின்னல் நூல்ல நேர்மாறு, நம்பர் ஏற ஏறத் தடிக்கும். ஜப்பான்காரன் கணக்குல பீஈ 1ன்னா 200 டீனியர், நம்ம கணக்குக்கு மாத்துனா ஏறக்குறைய 26, 27 கவுன்ட்டு வரும். இதக் கண்டுபுடிச்ச அன்னைக்கு நான் ஆர்டர் ஷீட்டுக்குப் பின்னாடி அந்தக் கணக்கப் போட்டு வெச்சுட்டுத் தனியாச் சிரிச்சுட்டு இருந்தேன், எதுத்த சீட்ல இருந்த புள்ள ஒரு மாதிரியாப் பாத்துச்சு. நூல் வெசயத்துல எனக்குத் தெரியாததே இல்லைன்னு நெனப்பு. அந்த நெனப்பு எங்க போய் நின்னுதுன்னு பாருங்க.

கட்டறது

கட்டறது ஒண்ணும் பிரமாதமான வித்த இல்லீங்க. 100, 150 பவுண்டு தாங்கற பின்னல் கயிறு ஒரு சாண் வெட்டிக்கோணும். ரெண்டா மடிச்சு, ரெண்டு நுனியையும் முள்ளோட கண்ணு வழியா உள்ள விடோணும், அதுவும் முள்ளு முனை பாக்கற பக்கத்துல இருந்துதான் விடோணும், மாத்தி விட்டா மீன் இழுக்கறப்ப முள்ளு குத்தற பக்கம் திரும்பாம வெளிய திரும்பிக்கும். உள்ள வந்த ரெண்டு நுனியையும் முள்ளுத்தண்டோட முதுகுல ஒட்டிப் படுக்க வெச்சு, மேல மெல்லிசு நூல இறுக்கி வரிஞ்சு வரிஞ்சு சுத்தோணும், கண்ணுகிட்ட இருந்து கீழ போய் மறுபடி மேல வரோணும். சுத்து ஒண்ணு மேல ஒண்ணு ஏறப்படாது, பக்கத்துல பக்கத்துல படுக்கோணும். கடைசில நுனிய சுத்துக்கு உள்ளயே சொருகி இழுத்துட்டா முடிச்சே வெளிய தெரியாது. அந்தப் பக்கம் மிச்சமிருக்கற மடிப்பு காது மாதிரி நிக்கும், அதச் சாலிட் ரிங்குக்குள்ள விட்டு, அந்தக் காது வழியாவே முள்ளக் கோத்து இழுத்தா வளையத்தக் கவ்விக்கும். தும்ப மாட்டு முளைக்குச்சில மாட்டற மாதிரியே.

இதுல கைக்கு வர வேண்டியது நீளந்தான். முள்ளு தொங்குனா ஜிக்கோட மேல் மூணுல ஒரு பங்கு, மிஞ்சிப் போனா பாதி, அதத் தாண்டப்படாது. தாண்டுனா விழுகறப்பவே முள்ளு சுத்திட்டுப் போய் லீடர்ல மாட்டிக்கும், இல்லீன்னா ஜிக்கையே கட்டிப் புடிச்சுக்கும். ரொம்பக் குட்டையா வெச்சா கயிறு வெரச்சுட்டு நிக்கும், மீன் வாய்க்குள்ள போகாது. முள்ளோட அகலம் ஜிக்கு ஒடம்ப விட ஒரு நூலாவது அதிகமா இருக்கோணும், இல்லீன்னா ஒடம்பு முள்ள மறச்சுக்கும். கயிறு ரொம்ப தொளதொளன்னு இருந்தா உள்ள ஒரு தங்கூசு நரம்பச் சொருகி வெப்பாங்க, நிமிந்து நிக்கறதுக்கு. அதுக்கு நான் மெல்லிசு கம்பிய ரெண்டா மடிச்சு ஊசியாட்டப் பண்ணி வெச்சிருக்கேன்.

நான் இதெல்லாம் கத்துட்டது தடைக்காலத்துல. கிழக்குக் கரைல ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. நாங்க போறது சின்ன படகு, அதுக்குத் தடையில்லதான், ஆனா அந்த வெயில்ல எவன் 300 கிலோமீட்டர் போவான்? ராத்திரி கம்பெனி முடிஞ்சு வந்து, தாவாரத்துல ஃபேனப் போட்டுட்டு, செக்கிங் அக்கா ஒருத்தங்ககிட்ட வாங்குன பிசிறு வெட்டற டிரிம்மர வெச்சுட்டு உக்காந்துருவேன். இங்க ஒண்ணு சொல்லியாகோணும். நான் வாங்குனது ஆன்லைன்ல, "கெவ்லார் கயிறு"ன்னு போட்டு, நல்ல மஞ்சக் கலர்ல. அத அந்த டிரிம்மர் நறுக்குனு வெட்டுச்சு. கெவ்லார்ங்கறது குண்டு தொளைக்காத சட்டைக்குப் போடற இழை, டிரிம்மருக்கு அவ்வளவு லேசுல மசியற சாமான் இல்லீங்க, சாதாக் கத்திரி வழுக்கி வழுக்கிப் போகும், பிளேடு மழுங்கும். நான் என்ன நெனச்சேன்னா, பரவால்லயே, நம்மூரு டிரிம்மர் கெவ்லாரையே வெட்டுதேன்னு பெருமப்பட்டேன். எவனாவது கேட்டா சிரிப்பான்.

சூப்பர் க்ளூ கதை வேற. சுத்துன நூல் மேல நாலு சொட்டு விட்டேன், வழிஞ்சுது, பக்கத்துல இருந்த பனியன் வேஸ்ட எடுத்துத் தொடச்சேன். ஒரு நிமிசம் கூட ஆகல, வெரலு சுள்ளுன்னுச்சு, துணில இருந்து பொகை வருது! அந்தப் பசை பஞ்சோட சேந்தா சூடு கெளப்பும், காட்டன் மேல ஊத்துனா பொகையே வர அளவுக்கு. லோகம் முச்சூடும் எந்த மெக்கானிக் கடைக்குப் போனாலும் திருப்பூர் பனியன் வேஸ்ட்தான் கை தொடைக்குது, திருப்பூர்க்காரன் எனக்கு அதுல தொடச்சு வெரலு வெந்துச்சு. அப்பவே "சூடு, சூடு"ன்னு யாரோ சொல்லிட்டே இருந்திருக்காங்க பாருங்க.

கடைசியா அழகுக்கு ஹீட் ஷ்ரிங்க் ட்யூபு. எலக்ட்ரிக் கடைல மீட்டர் கணக்குல கெடைக்கும், ஒயர் ஜாயின்ட்டுக்குப் போடுவாங்களே அதேதான். அரை இஞ்சு வெட்டி, சுத்துன எடத்துக்கு மேல கண்ணையும் மூடற மாதிரி ஏத்தி, சூடு காட்டுனா சுருங்கிக் கவ்விக்கும். கடைல விக்கற நானூறு ரூவா சாமான் மாதிரியே இருக்கும். என்கிட்ட அந்தச் சூட்டுத் துப்பாக்கியெல்லாம் இல்ல. கரன்ட் போனா ஏத்தறதுக்கு வெச்சிருந்த மெழுகுவர்த்தி இருந்துச்சு. சுடர்ல காட்டித் திருப்பித் திருப்பி, ட்யூபு அப்படியே மினுமினுன்னு சுருங்கறதப் பாக்கறப்ப வர்ற சந்தோசம் இருக்குதே, மொத டீ-சர்ட்டு தெச்சு வந்தப்பக் கூட அவ்வளவு இல்ல. அப்படி ஒரு டசன் கட்டுனேன், ஆறு அவனுக்கு, ஆறு எனக்கு.

அந்தக் காலைல

தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல், மதுரன்னு ராத்திரியெல்லாம் ஓட்டிப் போய், தூத்துக்குடிப் பக்கம் ஒரு கரைல விடியறதுக்கு முன்னாடி படகேறுனோம். ஃபைபர் படகு, அண்ணாச்சி ஒருத்தரு, அவரோட தம்பி, நாங்க நாலு பேரு. கரைல இருந்து ரெண்டு மணி நேரம். 40 மீட்டர் ஆழம்னு மெசின் காட்டுச்சு. மாப்ள ஜிக்க எறக்கி, அடி தொட்டு, ஆறேழு சுண்டு சுண்டிருப்பான், ராடு அப்படியே மடங்கி தண்ணிக்குள்ள மூக்க விட்டுச்சு. ரீலு கத்துச்சு. அவன் மொகம் அந்த நேரத்துல எப்படி இருந்துச்சுன்னா, எட்டாவது ரிசல்ட்டு ஒட்டுன போர்டுல நம்பரத் தேடறப்ப இருந்துச்சே, அதே மொகம். மேல தூக்கறான், அது கீழ போகுது, மறுபடி தூக்கறான். அஞ்சு நிமிசம் இருக்கும். பாதி தூரம் ஏத்திட்டான். அண்ணாச்சி கொக்கிய எடுத்துட்டு ஓரமா வந்து நின்னுட்டாரு. அப்ப திடீர்னு ராடு நிமிந்துக்குச்சு. சத்தமே இல்ல. சத்தம் வந்திருந்தாக் கூடப் பரவால்ல.

அப்பத்தான் அந்த வார்த்தைய விட்டேன். ட்ராக்க முறுக்கி அறுத்துட்டேன்னு. அந்த ட்ராக்க காலைல கரைல வெச்சு, தராசு கட்டி இழுத்துப் பாத்து, செட் பண்ணிக் குடுத்ததே நான்தான், அத அவன் தொட்டானா இல்லையான்னு கூட எனக்குத் தெரியாது. அவன் ஒண்ணும் பேசல. ஜிக்கு மேல வந்துச்சு. சாலிட் ரிங்குல கயித்தோட காது மட்டும், அதுல ரெண்டு கால், ரெண்டும் ஒரே எடத்துல முடிஞ்சு நிக்குது. அண்ணாச்சி அத வாங்கிக் கட்ட வெரல் நகத்துல தேச்சுப் பாத்தாரு. அங்கத்த ஆளுங்க வஞ்சிரத்த சீலாம்பாங்க, நான் "சீலா பல்லு பட்டிருக்குமா அண்ணாச்சி?"ன்னேன். "சீலா வெட்டுனா பிளேடு போட்ட மாதிரி இருக்கும் தம்பி. பாறைல தேஞ்சா பஞ்சு பஞ்சா நிக்கும். இது ரெண்டும் இல்லியே, முனை என்ன இப்படி முட்டா இருக்கு?"ன்னாரு. தொட்டுப் பாத்தேன், அரிசி நுனி மாதிரி கெட்டியா இருந்துச்சு. "அது பசை அண்ணாச்சி, சூப்பர் க்ளூ"ன்னேன். அவரு ஒரு பார்வை பாத்துட்டு என்ஜின் பக்கம் போயிட்டாரு. நான் அந்தத் துண்ட வெட்டி எடுத்துப் பர்சுல வெச்சேன். எதுக்கு வெச்சேன்னு கேட்டா, நெசமாவே பசைன்னு நம்பியிருந்தா எதுக்கு வெச்சிருக்கப் போறேன், அதுதான் பதில்.

மெழுகுவர்த்தி

இந்த வருசம் பொங்கல் முடிஞ்சு ஒரு வாரம். ஒரு லாட்டு துணி வந்துச்சு, 100 பர்சென்ட் காட்டன்னு பில்லு, ஆனா கைல தொட்டா வழுக்குது. இந்த மாதிரி வந்தா லேபுக்கு அனுப்பி ரிப்போர்ட் வர்றதுக்கு முன்னாடி ஊர்ல எல்லாரும் பண்றது ஒண்ணுதான், நூல உருவித் தீயில காட்டறது. காட்டன்னா காகிதம் எரியற வாசம் வரும், சாம்பல் தொட்டா மாவாட்ட உதுரும். பாலியஸ்டர்னா தீயக் கண்டதும் சுருண்டு ஓடும், கருப்புப் பொகை, கடைசில கடுகு மாதிரி ஒரு கெட்டி உருண்டை நிக்கும். பட்டும் கம்பளியும் முடி பொசுங்கற நாத்தம். வேலைக்குச் சேந்த மொத மாசத்துல ஸ்டோர் அண்ணன் கத்துக் குடுத்தது, இருபது வருசமாச் செஞ்சுட்டு இருக்கறது. அன்னைக்கும் ஸ்டோர்ல நின்னு லைட்டர்ல காட்டுனேன், உருண்டை வந்துச்சு, கலப்படம்னு தெரிஞ்சு போச்சு. அந்த உருண்டைய வெரல்ல உருட்டிட்டே நிக்கறேன். கெட்டியா, அரிசி நுனி மாதிரி.

எனக்கு ஒடம்பு சிலுத்துப் போச்சுங்க. பர்ச எடுத்து அந்த மஞ்சக் கயித்துல ஒரு காலப் புடிச்சு லைட்டர்ல காட்டுனேன். கெவ்லாரா இருந்தா உருகவே உருகாது, தீ இருக்கற வரைக்கும் செவந்து கரியும், எடுத்தா அணஞ்சுரும். இது தீ கிட்டப் போறதுக்கு முன்னாடியே சுருங்கி, கண்ணாடி மாதிரி ஆகி, உருண்டு, சொட்டுச்சு. நாலு ரேக் தள்ளி பண்டல் எண்ணிட்டு இருந்த ஸ்டோர் அண்ணன் தலையத் தூக்குனாரு. "ஏனுங் தம்பி, கரன்ட் இருக்குதுல்ல, எதுக்கு மெழுகுவர்த்தி பத்த வெச்சீங்க?"

அது பாலிஎத்திலீன். பீஈன்னு சொல்றது அதத்தான், பிளாஸ்டிக் கவரோட குடும்பம், ஆனா இழுத்து இழுத்து பலம் ஏத்துன ரகம். எரிஞ்சா மெழுகு வாசம் வரும். தாவாரத்துல உக்காந்து நான் ஒரு டசன் முள்ளையும் சுட்டப்ப அந்த வாசம் வராமயா இருந்திருக்கும்? வந்துச்சு. கைல மெழுகுவர்த்தி இருந்துச்சு, அதோட வாசம்னு இருந்துட்டேன். என்ற கயிறு வெந்த வாசத்த நான் மோந்து பாத்துட்டே வேல செஞ்சிருக்கேன்.

அன்னைக்குப் பூராம் வேல ஓடல. பீஈ 145, 150 டிகிரிலயே உருகிரும். உருகறதுக்கு முன்னாடியே, சூடு ஏற ஏற, இழுத்து ஏத்துன பலமெல்லாம் திரும்பச் சுருங்கிப் போகும், பாக்கறதுக்குக் கயிறு மாதிரியே இருக்கும். எங்க அயர்னிங்ல காட்டனுக்கு வெக்கற பெட்டியே 200 டிகிரி கிட்டப் போகும். துணிய இழுத்துப் புடிச்சுச் சூடு காட்டற ஸ்டென்டர் மெசின்ல பாலியஸ்டர் துணிய செட் பண்றது 180, 190ல. எந்தத் துணிக்கு எந்தச் சூடுன்னு தப்பா எழுதுனதுக்காக ஒரு பையன நிக்க வெச்சுத் திட்டுனவன் நான், வீட்ல வந்து 150 டிகிரி தாங்காத சாமான நேரா தீயில காட்டியிருக்கேன். அந்த ட்யூபு சுருங்கறதுக்கு 100 சொச்சம் டிகிரியே போதும், அதுக்கு எதுக்குங்க சுடரு?

யாரு மேல தப்புன்னு ரெண்டு மூணு நாள் மனசுக்குள்ள பஞ்சாயத்து. கெவ்லார்னு சொல்லி பீஈயக் குடுத்தவன் ஏமாத்துனான், அதுல சந்தேகமே இல்ல. நெசக் கெவ்லாரா இருந்திருந்தா என்ற மெழுகுவர்த்திய அது மன்னிச்சிருக்கும், அது உருகாது, 400 டிகிரி தாண்டித்தான் கரியவே ஆரம்பிக்கும். 1965ல அமெரிக்காவுல டூபான்ட் கம்பெனில ஸ்டெபனி குவாலெக்னு ஒரு அம்மா அதக் கண்டுபுடிச்சப்ப, கரைசல் கலங்கலா, தண்ணியாட்ட இருந்துச்சாம், இத நூக்கற மெசின்ல விட்டா அடச்சுக்கும்னு அங்கத்த ஆளு தயங்குனாராம், விடாமச் சொல்லி ஓட்ட வெச்சுப் பாத்திருக்காங்க. அந்தம்மா பாத்துப் பாத்து எடுத்த நூலோட பேரப் போட்டு இவன் மஞ்சச் சாயம் போட்ட பீஈய விக்கறான். ஆனா இன்னொரு பக்கம் பாத்தா பீஈ ஒண்ணும் மட்டமில்ல. நல்ல நல்ல அசிஸ்ட் கயிறெல்லாம் பீஈதான், கெவ்லாருக்குத்தான் வெயில் ஆகாது, அடிக்கடி மடங்குனா இழை விட்டுப் போகும். பீஈன்னு ஒழுங்காச் சொல்லி வித்திருந்தா? அப்பவும் நான் மெழுகுவர்த்திலதான் காட்டியிருப்பேன், அதுதான் உண்மை. ட்யூபோட அழகுல மயங்குனவன் லேபிள படிச்சா திருந்தப் போறான்? கலப்பட லாட்ட அனுப்புன நூல்காரனுக்கு டெபிட் நோட்டு போட்டோம். எனக்கு யாரு போடறது? அண்ணாச்சிக்கு டீனியரும் தெரியாது, டிகிரியும் தெரியாது, நகத்துல தேச்சே சொல்லிட்டாரு.

இப்ப நான் ட்யூபே போடறதில்லீங்க. நூல நெருக்கமா ரெண்டு அடுக்கு சுத்தி, மேல ரெண்டு பாகம் கலக்கற எபாக்ஸி பசைய தீக்குச்சி நுனில தொட்டு மெல்லிசாத் தடவி, ராத்திரி முச்சூடும் கொடில காயப் போட்டுருவேன், துணிக்குக் கிளிப் போட்டு வரிசையாத் தொங்கும். சூப்பர் க்ளூ சுத்து நுனி அவுராம இருக்க ஒரே சொட்டு, கண்ணுக்கு வெளிய இருக்கற கயித்துல பட்டுச்சுன்னா அது வெரச்சுக் கம்பியாட்ட ஆகி அந்த மடிப்புலயே ஒடையும், அதனால அந்தப் பக்கம் ஒரு டேப் ஒட்டிக்குவேன். பாக்க அவ்வளவு லட்சணமா இருக்காது. கட்டுனது ஒவ்வொண்ணையும் அட்டாலி கொக்கில மாட்டி, தராசக் கட்டி, பத்து கிலோ வரைக்கும் இழுத்துப் பாத்துட்டுத்தான் டப்பால போடறது. மிச்சமிருந்த என்ற பழைய அஞ்ச ட்யூப உரிச்சுப் பாத்தேன், மூணுல கயிறு கண்ணுகிட்ட கண்ணாடியா இருந்துச்சு, ரெண்டு நல்லா இருந்துச்சு. நல்லா இருந்த அந்த ரெண்டுதான் ரொம்ப நாள் என்னைய ஏமாத்திருக்கு, அதுல எனக்கு ரெண்டு பாறை மீன் வந்துச்சு, முள்ளுல தப்பில்லைன்னு அதக் காட்டித்தான் அவன்கிட்ட வாதம் பண்ணிட்டு இருந்தேன்.

அவன்கிட்டச் சொல்றதுக்கு ஒரு மாசம் ஆச்சு. அவிநாசி ரோட்டுல நாங்க வழக்கமாப் போற பேக்கரி, ஞாயித்துக்கிழமை, பொழுதோட. ரெண்டு டீ, தேங்கா பன்னு. மொதல்ல இருந்து சொன்னேன், டிரிம்மர், பனியன் வேஸ்ட், மெழுகுவர்த்தி, ஸ்டோர் அண்ணன் கேட்டது, எல்லாம். பன்னப் பிச்சு டீல முக்கிட்டே கேட்டுட்டு இருந்தான். முடிச்சதும் செல்ல எடுத்துக் கணக்குப் போட ஆரம்பிச்சுட்டான். "அன்னைக்கு டீசல் எவ்வளவுடா ஆச்சு?" சொன்னேன். "படகு?" சொன்னேன். "நாலாப் பிரிச்சா என்ற பங்கு இவ்வளவு. அத அனுப்பி விடு." நெசமாத்தான் கேக்கறானான்னு மொகத்தப் பாத்தேன், நெசமாத்தான். அங்கயே அனுப்பிட்டேன். டிங்குனு வந்ததப் பாத்துட்டு செல்லக் கவுத்து வெச்சான்.

"அந்தக் கயிறு இருக்குதா?"

இன்னொரு கால் மிச்சமிருந்துச்சு, குடுத்தேன். பக்கத்து டேபிள்ல ஒருத்தருகிட்ட லைட்டர் வாங்குனான். டீக்கிளாஸுக்கு மேல புடிச்சு, மெதுவா, தீயக் கிட்டக் கொண்டு போனான். சுருங்குச்சு. மினுமினுத்துச்சு. மூக்கப் பக்கத்துல வெச்சு ரெண்டு தடவ மோந்தான், "அட ஆமாடா"ன்னான், எனக்கும் மோந்து பாக்கக் குடுத்தான், அதுக்குள்ள கல்லால இருந்து சத்தம் வந்துச்சு.

"ஏனுங், யாருக்குப் பொறந்த நாளு? கேக்கு வாங்காமயே மெழுகுவர்த்தி ஊதறீங்க?"